காலிக் கூடத்தில் பழுது இல்லை

அந்த நடனப் பள்ளிக்கு முதல் தடவை போனபோது நான் எழுதிக் கொடுத்த சீட்டில் நான்கே சொற்கள். "சோதித்தேன். பழுது எதுவும் இல்லை." நான்கு சொற்களை வைத்து ஒரு மனுஷியை எவ்வளவு நோகடிக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் தொழில் கீபோர்டு, டிஜிட்டல் பியானோ, ஒலிபெருக்கி இவற்றையெல்லாம் பழுதுபார்ப்பது. சொல்லப்போவது என்னைப் பற்றி அல்ல, பியானோ அக்காவைப் பற்றி. ஆனால் நடுநடுவே நான் வந்துதான் ஆக வேண்டும். நான் செய்ததும் அதில் இருக்கிறது, செய்யாமல் விட்டதும் இருக்கிறது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திநான்கு வயது. குட்டையான உருவம், கொஞ்சம் கனத்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக வகுப்புக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். நடனம் சொல்லிக்கொடுப்பவர் மேடம், பள்ளியும் அவருடையதுதான். மேடம் நடு மரத்தளத்தில் நின்று "முழங்காலை மெதுவா மடக்கி, எட்டு எண்ணி எழுந்திரிங்க" என்பார். அடுத்த நொடி அதற்கென்றே செய்தது மாதிரி ஒரு இசை வர வேண்டும். நோட்டுப் புத்தகம் கிடையாது. பாதி தெரிந்த பாட்டு, மீதி அந்த நிமிஷத்தில் அக்கா கையில் பிறப்பது. அவர் கண் கட்டைகளில் இருக்காது. பிள்ளைகளின் கால்களில் இருக்கும். ஒரு பிள்ளை தடுமாறினால் இசை அரைக்கணம் காத்திருந்து அவளையும் கூட்டிக்கொண்டு போகும். தொடங்குவதற்கு முன்னால் தொண்டைக்குள் "ம்" என்பார், அதுதான் கணக்கு. பிள்ளைகள் அவருக்கு 'ம் அத்தை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் பியானோ பக்கம் திரும்பி நின்று கை தட்டுவார்கள். அது அந்தப் பள்ளியின் வழக்கம்.

அந்த வருஷம் மேடம் பழைய மரப் பியானோவைத் தள்ளிவிட்டு, ஒரு டிஜிட்டல் பியானோவும் கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டார். அதே சமயத்தில் வெளியூரில் இருந்த அக்காவின் மகள் முழுகாமல் இருந்தாள். அவள் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க அக்கா மூன்று வாரம் லீவு கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் எடுத்த பெரிய லீவே நான்கு நாள்தான்.

"தாராளமா போயிட்டு வாங்க டீச்சர். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வாசிச்சு வெச்சுட்டுப் போங்க. இங்க வகுப்பு நிக்காது, நீங்களும் நிம்மதியா இருக்கலாம்" என்றார் மேடம்.

அக்காவுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்தார்.

பியானோவின் பின்புறத்திலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற கணக்கை மட்டும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். பின்னால் அதைக் கூட்டியும் குறைத்தும் எந்த வேகத்திலும் ஒலிக்க விடலாம். அக்கா தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். உயிரில்லாமல் வந்தது. கால்களைப் பார்த்தால்தான் அவருக்குக் கை ஓடும். அதனால் வகுப்பு நடக்கும்போதே பதிவு செய்வது என்று ஏற்பாடு.

அங்கேதான் வினை தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று கம்ப்யூட்டர் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டு, 'கருவி இணைக்கப்படவில்லை' என்று காட்டும். பியானோ தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பதிவு மட்டும் அறுந்துபோயிருக்கும். அதைவிடக் கொடுமை, கட்டை அழுந்தியிருக்கும் நேரத்தில் இணைப்பு போனால், விரல் எடுத்த செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்ச்சேராது. திரும்பப் போட்டுக் கேட்டால் அந்த ஒரே சுரம் லாரி ஹாரன் மாதிரி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். நான் போனது காலை பதினொரு மணிக்கு. வகுப்பு மாலையில்தான், கூடத்தில் ஈ காக்கை இல்லை. மூன்று பக்கமும் கண்ணாடி, ஓரமாகப் பிடித்துக்கொள்ளும் கம்பி, காலுக்கு இதமாகக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் மரத்தளம். கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் தானாகத் துளைகளை அணைக்கும் வசதி ஒன்று உண்டு, அதை நிறுத்தினேன். அதே பியானோவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு நிரலை மூடினேன். இரண்டு மணி நேரம் கட்டைகளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட இணைப்பு போகவில்லை. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலையே வகுப்பில் நாலு தடவை அறுந்திருக்கிறது. மேடம் பிள்ளைகளையும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரையும் வைத்துக்கொண்டு என் சீட்டை எடுத்து ஆட்டிக் காட்டியிருக்கிறார்.

"மெஷின்ல ஒண்ணுமே இல்லையாம். எழுதியே குடுத்துட்டுப் போயிட்டார். அப்போ கோளாறு யார்கிட்ட?"

மறுநாள் அந்தச் சீட்டின் நகலோடு அக்கா என் கடைக்கு வந்தார். அதுதான் நான் அவரை முதலில் பார்த்தது.

"தம்பி, இதை எழுதினது நீங்களா?"

"ஆமாங்க."

"பழுது இல்லைன்னு எழுதியிருக்கீங்க. 'நான் பாத்தப்போ வரலை'ன்னு எழுதியிருக்கலாமில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பதினொரு நாளாக எழுதி வைத்திருந்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன பயிற்சி, எந்த கேபிள், மின்விசிறி ஓடியதா இல்லையா. பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு வாடிக்கையாளர்கூட இப்படி எழுதிக்கொண்டு வந்ததில்லை.

படித்துப் பார்த்தால் ஒன்று தெரிந்தது. வகுப்பின் முதல் அரைமணியில் ஒரு தடவைகூட அறுபடவில்லை. எல்லாம் அதற்கப்புறம்தான்.

"சூடாகுதுபோல அக்கா. ஒரு மின்விசிறியைப் பின்பக்கம் திருப்பி வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். பயனில்லை. இரண்டு நாள் கழித்துப் பகல் மூன்று மணிக்கு எனக்கு போன் வந்தது.

"தம்பி, நான் குதிச்சேன். விழுந்துடுச்சு!"

"ஐயோ, எங்கக்கா விழுந்தீங்க? அடி பட்டுச்சா?"

"நான் விழலப்பா. கனெக்‌ஷன்!"

நடந்ததைப் பின்னால் சொன்னார். வகுப்பில் முதல் அரைமணி பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில்தான் ஆடுவார்கள். அதன் பிறகே நடுத்தளத்துக்கு வந்து குதிப்பார்கள். நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தபோது அக்காவுக்கு இது பிடிபட்டிருக்கிறது. கூடத்தின் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாழ்க்கையில் ஒருநாளும் ஆடாத அந்த அம்மா, மரத்தளத்தின் நடுவில் நின்று ஒருமுறை குதித்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில் போய் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார். ஐந்தாவது குதியில் 'டொய்ங்'.

"மூணு பக்கமும் கண்ணாடியா, என்னையே மூணு பேரா பாத்துக்கிட்டுக் குதிச்சேன். நல்லவேளை யாரும் பாக்கலை" என்று சிரித்தார். அவர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான் கருவிகளோடு ஓடினேன். பியானோவின் பின்பலகையைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கேபிள் செருகும் சாக்கெட்டின் ஒரு காலில், ஈயம் வைத்த இடத்தில், மயிரிழை விரிசல். இருபது பிள்ளைகள் சேர்ந்து குதித்து இறங்கும்போது தளம் அதிர்ந்து அந்த விரிசல் விலகிச் சேர்கிறது. காலிக் கூடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தட்டினாலும் அது தெரிந்திருக்காது.

சாக்கெட்டை மாற்றி ஈயம் வைத்தேன். பியானோவின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் கட்டைகள் வைக்கச் சொன்னவர் அக்காதான். கேபிளின் கனம் சாக்கெட்டில் தொங்காமல் பியானோவின் காலோடு கட்டினோம். அவரைக் கூட்டிப்போக அவர் கணவர் வந்திருந்தார். முன்பு பேருந்து ஓட்டியவர், பனைமரம் மாதிரி உயரம், பேச்சு குறைவு. அவரையும் விடவில்லை. மூன்று பேரும் பியானோவைச் சுற்றி நின்று குதித்தோம்.

"இதுக்குத்தான் தினமும் வேலைக்கு வர்றியா?" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே.

இணைப்பு அசையவில்லை.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பதிவு நிரலை மூடியபோது அதற்குப் பின்னால் ஒரு அட்டவணை திறந்திருந்தது. அடுத்த பருவத்துக்கான வகுப்புகள், மூன்று மாதம் முழுக்க. ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே 'ஆசிரியர்' என்று ஒரு பத்தி, 'இசை' என்று ஒரு பத்தி. இசைப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: பதிவு.

அக்காவின் லீவு மூன்று வாரம்தான். கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அக்கா அந்தப் பக்கம் கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "இனிமே ஒரு சுரம்கூட விடாது, பாருங்க" என்று தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ உத்தேசமாகப் போட்டு வைத்திருப்பார்கள், நமக்கெதற்கு என்று அட்டவணையை மூடினேன். மேடத்துக்கு இரண்டாவது சீட்டு எழுதினேன். சாக்கெட்டில் விரிசல் இருந்தது, வாசிப்பவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று விவரமாகவே எழுதினேன்.

நாலு வாரத்தில் அக்கா நூற்று நாற்பது உருப்படிகளைப் பதிவு செய்து முடித்தார். மடக்குவதற்கு, நீட்டுவதற்கு, சுழல்வதற்கு, குதிப்பதற்கு. அவற்றில் பாதிக்குமேல் அவராகவே கட்டியவை. எங்காவது ஒரு கட்டை தப்பினால் திரும்ப வாசித்தார். யாரும் கேட்காமலே, சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக மெதுவான வடிவமும் வாசித்து வைத்தார். பிறகு மகள் ஊருக்குப் போனார். பேத்தி பிறந்தாள். சொன்னபடி மூன்று வாரத்தில் திரும்பினார்.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போனபோது வகுப்பு முன்னதாகவே தொடங்கியிருந்தது. தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து தன் வாசிப்பு கேட்டிருக்கிறது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்ததாம். சுத்தமாக, ஒரு அறுபடலும் இல்லாமல் ஓடியது. அப்புறம்தான் வேகத்தைக் கவனித்தார். அவர் ஒருநாளும் வைக்காத வேகம். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை தடுமாறினாள். இசை காத்திருக்கவில்லை.

கதவைத் தள்ளிப் பார்த்தார். அவர் உட்காரும் பெஞ்சு இல்லை. பியானோவின் மூடி சாத்தியிருந்தது. மேலே பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அடுத்த இசைக்கு முன்னால் 'டிக், டிக், டிக், டிக்' என்று நாலு தட்டு விழுந்தது. அவருடைய "ம்" கம்ப்யூட்டரில் ஏறவில்லை அல்லவா? கட்டைகளின் கணக்கைத்தான் அது குறித்துக்கொள்ளும். பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்ததால் மேடம் அதைச் சேர்த்திருந்தார்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் வழக்கம்போலத் திரும்பி நின்று கை தட்டினார்கள், ஒலிபெருக்கியைப் பார்த்து.

"வாங்க வாங்க டீச்சர், குழந்தை எப்படி இருக்கா? யார் ஜாடை?" என்று மேடம் அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்.

"நல்லா இருக்கா. மேடம், பெஞ்சு எங்க?"

"உக்காருங்க, சொல்றேன். உங்க பதிவு ரொம்ப நல்லா வேலை செய்யுது. எனக்கே ஆச்சரியம். இனிமே உங்களைத் தினமும் வரச்சொல்லி சிரமப்படுத்த வேண்டாம்னு தோணுச்சு. உங்களுக்கும் வயசாகுது."

"எனக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே."

"மாசத்துக்கு ஒரு தடவை வந்து அந்த கனெக்‌ஷனைப் பாத்துட்டுப் போங்க. அதோட குணம் உங்களுக்குத்தான் தெரியும்."

 அக்கா, "அதுல பாதி நானே கட்டினது. அதை மட்டுமாவது எடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"பள்ளி நேரத்துல, பள்ளி பியானோல வாசிச்சதை எப்படி டீச்சர் எடுக்கறது? நாங்க ஒண்ணும் திடீர்னு முடிவு பண்ணலை. கோளாறுன்னு சொல்லிச் சொல்லி எத்தனை வகுப்பு கெட்டுச்சு? மெஷின்ல பழுதே இல்லைன்னு ரிப்பேர்காரர் எழுதியே குடுத்திருக்காரே."

கோப்பைத் திறந்து காட்டினார். என் முதல் சீட்டு பத்திரமாக இருந்தது. இரண்டாவது சீட்டைக் காணோம்.

அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. "சரி மேடம்" என்று எழுந்து வந்துவிட்டார். அதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. "இருபத்திரெண்டு வருஷத்துக்கு 'சரி மேடம்'னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்தேன் பாருங்க, அந்த வாயை என்ன செய்யறது?" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வேலை போனபோது இன்னொன்றும் சேர்ந்து போனது. அவர் வீட்டில் பியானோ கிடையாது. இரண்டு அறை வீடு, வைக்க இடமில்லை. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்க் கூடத்தில்தான் வாசித்துப் பழகுவார். அது அவருடைய பியானோ இல்லை என்பதே அத்தனை வருஷமும் அவருக்கு நினைவில் இருந்ததில்லை. மகள் "இங்கேயே வந்துடும்மா" என்றாள். அக்கா போகவில்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம், கதவு சத்தம் போடுகிறது என்று கணவரோடு எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நின்றார். அந்த மனுஷர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"கொஞ்சம் வந்து பேசுங்க தம்பி. நான் சொன்னா ஏற மாட்டேங்குது."

போனேன். அட்டவணை விஷயத்தை இனியும் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. சொன்னேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே பாத்தீங்களா?"

"ஆமாக்கா."

"நான் கேபிள் சுத்திக்கிட்டு இருந்தப்போ?"

"ஆமா."

"சொல்லியிருந்தா அந்த சாக்கெட்டை அப்படியே விட்டுட்டுப் போயிருப்பேன்."  உடனே அவரே தலையை ஆட்டினார். "இல்ல. விட்டிருக்க மாட்டேன். சத்தம் அறுந்து அறுந்து போறதைக் கேட்டுக்கிட்டு என்னால உக்கார முடியாது. ஆனா தெரிஞ்சு செஞ்சிருப்பேன்ல? இப்போ முட்டாளா இல்ல செஞ்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி போடப் போய்விட்டார். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து என் கடைக்கு வேலைக்கு வந்தார். நான் கூப்பிட்டது இரக்கத்தால் என்று அவர் நினைத்தார். பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்தப் பதினொரு நாள் நோட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. போனில் வரும் புகார்களைக் கேட்டு விடை சொல்வது அவர் வேலை. "எப்போ போகுது? அப்போ வீட்டுல வேற என்ன ஓடுது? பக்கத்துல யார் நடக்கறாங்க?" என்று கேட்டுக் கேட்டே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். வாடிக்கையாளர் சலித்துக்கொண்டால் "நீங்க பொய் சொல்றதா நான் சொல்லலை. எப்போன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்.

ஒருநாள் அந்தப் பள்ளியிலிருந்தே போன் வந்தது. மறுபடி இணைப்பு போகிறதாம். மேடத்தின் குரல் கேட்டதும் அக்கா போனை என்னிடம் நீட்டினார். இந்த வாரம் ஆள் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார்.

"உங்களுக்காகத்தான்."

"எனக்காகச் செய்யவேண்டிய நாள்ல வாயை மூடிட்டு இருந்தீங்க. இப்போ பிள்ளைங்க ஆடணும். போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ரப்பர் கட்டைகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். கேபிள் மறுபடி தன் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சரிசெய்து முடித்ததும் மேடம் சோதித்துப் பார்க்க ஒரு பதிவைப் போட்டார். சின்னப் பிள்ளைகளுக்கான மெதுவான இசை. நின்று முழுவதும் கேட்டேன். திரும்பி வந்து "சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். எந்த உருப்படி என்று அவர் கேட்கவில்லை.

பழுது நீக்கிய பியானோக்களைச் சோதிப்பதும் அவர் பொறுப்புதான். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துவார். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. அவ்வளவுதான். மூன்று வருஷமாகிறது. ஒரு வரி இசைகூட அவர் கையிலிருந்து என் கடையில் வந்ததில்லை. போன மாதம் மழை பிடித்துக்கொண்டு கடையில் யாரும் இல்லாத ஒரு பகல் பொழுதில், மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஏதாவது வாசிங்களேன். யாரும் இல்லை."

அவர் கடைசிக் கட்டையை அழுத்தி, ஒலி அடங்கும்வரை காத்திருந்தார்.

"கேபிள் மாட்டியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"இல்லைன்னாலும் வேணாம்" என்று மூடியைச் சாத்திவிட்டு, அடுத்த பியானோவின் உறையைக் கழற்ற ஆரம்பித்தார்.